மோரோடு விழுங்கிய மருந்து

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் பஸ் டிக்கெட்டில் போடும் கோடும் எண்ணும்தான். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையைப் பிரதி எடுப்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். சில இடங்கள் எனக்கு நல்ல பேர் வாங்கித் தராதவை. அவை அப்படியே இருக்கட்டும்.

எட்டு வருடங்களுக்கு முன்னால், 1978ஆம் ஆண்டில், சிறுநீரில் கிருமி ஏறி, அது கிட்னி வரை போய், பன்னிரண்டு நாள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தேன். வீட்டு மருந்து போதுமா, இங்கிலீஷ் மருந்து வேண்டுமா என்று நம் ஆட்கள் இன்றைக்கும் தடுமாறுகிறார்கள், உனக்கு நடந்ததை எழுது என்று வாசகசாலைச் செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தள்ளிப்போட்டதற்குக் கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் பாரத்தை எட்டு வருடம் சுமந்தவள் என் மனைவி பாக்கியம். அதை விட்டுவிட்டு மருந்தைப் பற்றி மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிப்பதில் கஞ்சர்கள். காலையில் ஒரு காப்பி, பிறகு மத்தியானச் சோற்றோடு ஒரு கிளாஸ் தண்ணீர், அவ்வளவுதான். என் டிரைவர் காளியப்பன் அண்ணன் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். “தண்ணி குடிச்சா பஸ்ஸ நிறுத்தணும். நிறுத்தினா லேட்டு. லேட்டானா இன்ஸ்பெக்டர் வாயில விழணும். குடிக்காம இருந்தா நாமதான் ராஜா லா.” சிறுநீரை அடக்கிக்கொள்வதை ஒரு சாமர்த்தியம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு வெயில் காலத்தில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. போகும்போது எரிச்சல். போய்விட்டு வந்த உடனே மறுபடி போக வேண்டும் போலிருக்கும். போனால் நாலு சொட்டுதான் வரும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்கு ஒரே மாலையில் எத்தனை தரம் நடக்கிறேன் என்பதைப் பாக்கியம் மாட்டுக்கொட்டகையிலிருந்து பார்த்துவிட்டாள்.

கொட்டகை என்று சொன்னேன். எங்களிடம் ஒரு பசு இருந்தது. செவலை என்று பெயர். பாக்கியம்தான் அதை வைத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பதினைந்து வீடுகளுக்கு அவள் பால் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் அவள் தயிருக்கு முதல் நாளே சொல்லி வைப்பார்கள். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

“என்னாங்க, சூடு பிடிச்சிருக்கா?”

“ம்.”

“சொல்ல வேண்டியதுதானே. வாய்ல கொழுக்கட்டையா?”

அன்று முதல் வைத்தியம் தொடங்கியது. பார்லி அரிசியைக் காய்ச்சி, வடிகட்டி, பெரிய கூஜாவில் கொடுத்தாள். ஊறவைத்த வெந்தயத்தை வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னாள். படுக்கும்முன் என் இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு தடவினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி மக்சிக் ரொக்கியா, வேலியோரம் பூனை மீசை போலப் பூத்திருக்கும் ஒரு செடியின் இலையைப் பறித்துக் கொடுத்தார். அவர்கள் அதை மிசாய் கூச்சிங் என்பார்கள். அதைக் கொதிக்கவைத்துக் குடித்தால் தேநீர் போலத்தான் இருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. அவ்வளவு தண்ணீர் என் ஆயுளிலேயே நான் குடித்ததில்லை. குணமாகிவிட்டது என்று பாக்கியம் மக்சிக்குக்கு ஒரு சட்டி தயிர் கொடுத்தனுப்பினாள். ஆனால் வேலைக்குப் போனதும் பழையபடி தண்ணீரைக் குறைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் எரிச்சல் திரும்பி வந்தது. சிறுநீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. மறுபடி பார்லி, மறுபடி சுண்ணாம்பு. ஒன்பதாம் நாள் காலையில் அதில் சிவப்பாக ஒரு இழை ஓடியது.

எங்கள் தோட்டத்தில் உரம் போடும் கங்காணி ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். அவர் முகம் வீங்கி, கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் செத்துப்போனார். கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். அந்த வீங்கிய முகத்தைப் பத்து வயதில் நான் பார்த்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக டவுனிலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் சில கேள்விகள் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “வெளியில எங்கயாவது போனீங்களா?” என்றார். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மருந்து எழுதிக் கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே ஒரே கூட்டம். தினமும் என் பஸ்ஸில் ஏறும் இரண்டு பெண்கள் எதிர் பெஞ்சில் இருந்தார்கள். “என்னா கண்டக்டரே, நீங்களும் இங்கயா?” என்று ஒருத்தி சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண் கண்ணாடித் துளை வழியாக உரக்கக் கூப்பிட்டாள்.

“ராமையா! ஊபாட் கென்சிங்!”

மூத்திர மருந்து. மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து போய் மருந்துப் பையைப் பிடித்தேன். அவள் விடவில்லை. ஒரு நாளைக்கு நாலு வேளை, வெறும் வயிற்றில், ஏழு நாளும் முடிக்க வேண்டும், பாலோடு குடிக்கக்கூடாது என்று மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. “ஃபஹாம்?” என்று கேட்டாள். விளங்கியது என்று சொல்லிவிட்டுப் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் பாக்கியம் கேட்டாள். “என்னா சொன்னாங்க?”

“நாலு வேளை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மருந்து பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இருக்கும் கூடுகள். அவள் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். “இங்கிலீஷ் மருந்து நெருப்பு மாதிரி. ஏற்கெனவே சூட்டு உடம்பு. இதையும் போட்டா குடல் வெந்துடும்” என்று உள்ளே போய், ஒரு பெரிய டம்ளர் நிறைய மோர் கொண்டு வந்தாள். சின்ன வெங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டது. “இதோட போடுங்க. சூடு தெரியாது.”

டம்ளர் கையில் இருந்தபோது அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் சொன்னது பால். இது மோர். பாதி தண்ணீர். சந்தேகம் இருந்தால் திரும்பிப் போய்க் கேட்கலாம். ஆனால் அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, அந்தத் துளையில் வாயை வைத்து, என் மூத்திர மருந்தைப் பற்றி நான் கேட்க வேண்டும். நான் மோரைக் குடித்தேன். நாலு நாள், நாலு வேளையும் அவள் மறக்காமல் மோர் கலக்கினாள். நான் வேலைக்குப் போகும்போது பாட்டிலில் ஊற்றி, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள், பந்திங்கிலிருந்து திரும்பி வரும் இரண்டாவது நடையில் எனக்குக் குளிர் எடுத்தது. மத்தியான வெயிலில் பஸ்ஸின் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிக்கும் கை தானாக ஆடியது. பல் தட்டியது. முதுகின் வலது பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே, யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல வலித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காளியப்பன் அண்ணன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஓரமாக நிறுத்திவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார், “எல்லாரும் கேளுங்க. பஸ் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவுது. நடுவுல இறங்குறவங்க இப்பவே இறங்கிக்கிங்க.”

யாரும் இறங்கவில்லை. ஒரு சீனக் கிழவர் தன் கூடையிலிருந்த சாக்கை எடுத்து என்மேல் போர்த்தினார். நிறுத்தங்களில் காத்திருந்தவர்கள் கையை நீட்ட நீட்ட பஸ் போய்க்கொண்டே இருந்தது. “ராமையா, பேசிக்கிட்டே வா. ஒவ்வொரு ஸ்டாப்பா பேரு சொல்லு” என்று அண்ணன் கத்திக்கொண்டே ஓட்டினார். நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் எனக்கு ஊர்ப் பெயர்கள் மறந்துபோயின. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அந்தக் கங்காணி ஆட்களை மறந்தது போல நான் ஊர்களை மறக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அதை டிரிப் என்பார்கள். இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரை ஒரு சின்னப் போத்தலில் பிடித்துத் தரச் சொன்னார்கள். எனக்கு முடியவில்லை. கட்டிலைச் சுற்றித் திரை போட்டு, நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், வெளியே நின்றுகொண்டு, “அங்கிள், ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்கக் கேட்க உள்ளுக்குள் எல்லாம் பூட்டிக்கொண்டது. கடைசியில் அவர் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வந்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டில் ராஜூ என்பவருக்கு. பலகை லோரி ஓட்டுபவர், செலாயாங்காரர். கிட்னியில் கல். வலி இல்லாத நேரத்தில் வாய் ஓயாது.

“அண்ணே, நீங்க கண்டக்டரா? நல்லதாப் போச்சு. மேல போற பஸ் வந்தா கொஞ்சம் விசில் அடிச்சு நிறுத்தி வைங்க. எனக்கு இன்னும் லோரி தவணை முடியல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கட்டிலின் இரும்பைப் பிடித்து ஆட்டுவார். அப்போது என் கட்டிலும் சேர்ந்து ஆடும்.

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஏறுமுன் குளிர் வரும். அது காலில் தொடங்கும். தொடங்கியதும் நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அதன் சுற்றுகளை எண்ணுவேன். எண் தப்பினால் மூளை கெட ஆரம்பித்துவிட்டது என்று பயம். தூங்கினால் முகம் வீங்கிவிடும் என்று பயம். சுவரோரக் கண்ணாடிக்குப் போக முடியாததால், மருந்து வைக்கும் தட்டைக் கொண்டுவரும்போது அதில் என் முகத்தைத் தேடுவேன். என் மகள் கலாவுக்கு அப்போது பதினொரு வயது. சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அவள் வெளியே புல்லில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள் என்று பாக்கியம் சொல்வாள். நான் படுத்த இடத்திலிருந்து அவள் தெரியமாட்டாள். இருந்தாலும் கையாட்டுவேன்.

டாக்டர்களுக்கு உதவியாக இருக்கும் டிரஸ்ஸர் ஒருவர் நல்லவர். பெரிய டாக்டர்கள் சொல்வதை நமக்கு விளங்கும்படி சொல்வார். என் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அப்படியென்றால், அதை ஒரு தட்டில் தடவி இளஞ்சூட்டில் வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்களாம். முளைத்ததும் பல மருந்துகளைப் பொட்டுப் பொட்டாக அதன்மேல் வைப்பார்களாம். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம். “விதை முளைக்க நாள் ஆகும்லா. அதுவரைக்கும் பெரிய ஊசி போடுவாங்க. கிருமி கிட்னியில ஏறிடிச்சு, இரத்தத்துலயும் கலந்திருக்கலாம்” என்றார். இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை. பாக்கியம் வாசலில் கெஞ்சி, பார்வை நேரத்துக்கு முன்னாலேயே காப்பி பிளாஸ்க்கோடு உள்ளே வந்திருந்தாள். டாக்டர் வந்தார். வயதானவர், யாழ்ப்பாணத் தமிழர். கையில் என் கல்ச்சர் தாள்.

“ராமையா, இது உமக்குக் கிளினிக்கில தந்த மருந்துக்கே அடங்கிற கிருமிதான். நாலு நாள் ஒழுங்கா எடுத்தனீரோ?”

“எடுத்தேங்க டாக்டர்.”

“அப்ப ஏன் கேக்கேல்ல? என்னத்தோட குடிச்சனீர்?”

நான் வாயைத் திறக்குமுன் பாக்கியம் முந்திக்கொண்டாள். “நாந்தான் டாக்டர் மோரு குடுத்தேன். மருந்து சூடுன்னு ஒவ்வொரு வேளைக்கும் மோரு குடுத்தேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வேளையும் தவறவிடாத திருப்திகூட இருந்தது.

டாக்டர் தாளைக் கட்டில்மேல் வைத்தார். “அம்மா, இந்த மருந்து பாலில இருக்கிற சத்தோட ஒட்டிக்கொள்ளும். தயிரும் மோரும் அதேதான். ஒட்டினா உடம்பில சேராது, வயித்தோட வந்து வயித்தோட போயிடும். கிளினிக்கில ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். ராஜூவும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இல்லைங்க டாக்டர்” என்றேன். “யாரும் சொல்லலை.”

டாக்டர் உச்சுக்கொட்டினார். பிறகு தன்மையாகவே பேசினார். அது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஒன்பது நாள் தாமதித்ததும் காரணம், இவர் தண்ணீர் குடிக்காததும் காரணம் என்றெல்லாம் சொன்னார். பாக்கியம் அதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

ராஜூ சும்மா இருக்கவில்லை. “டாக்டர், அப்ப இந்த பார்லி, மிசாய் கூச்சிங் எல்லாம் சும்மாவா? நான் ஒரு பிளாஸ்க் வச்சிருக்கேன்.”

“பார்லியை ஆர் வேண்டாமெண்டது? தண்ணியா நல்லாக் குடியும். தண்ணி போகப் போகக் கழுவிக்கொண்டு போகும். எரிவு குறையும். ஆனா கிட்னியில ஏறின கிருமியைக் கொல்ல அதால ஏலாது. இலையைப் பற்றி எனக்குத் தெரியாது. என்ன குடிச்சாலும் என்னட்ட ஒளிக்காம சொல்லும், அது போதும்.”

ஒளிக்காமல் சொல்லும் என்று அவர் சொன்னது ராஜூவிடம்தான்.

ஊசி இரண்டு நேரமும் தொடையில் போட்டார்கள். அந்த மருந்து அதிகமானால் காதைப் பாதிக்கும், கிட்னியையும் பாதிக்கும், அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று டிரஸ்ஸர் சொன்னார். குணப்படுத்தும் மருந்தே கிட்னியைக் கெடுக்கும் என்றதும் பயம் இன்னும் கூடிவிட்டது. காதருகே விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் ஏதோ மருந்தை ஊசியில் ஏற்றி, கிட்னி தெரியும்படி எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பெல்லாம் வெந்நீர் ஓடுவது போல இருந்தது. இன்னொரு நாள் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கமாகச் சோதித்தார். ஆண்களுக்கு இந்த வயதில் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கினால் சிறுநீர் தேங்கி இப்படி வருமாம். எனக்கு வீக்கம் இல்லை என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஐந்தாம் நாள்தான் குளிர் வரவில்லை. மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை. அந்த நேரத்தில் சாவு என்னைவிட்டு ஒரு கட்டில் தள்ளிப் போய்விட்டது போல உணர்ந்தேன். அடுத்த நாள் ராஜூவைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சிறுநீர் முழுவதும் நின்றுவிட்டதாம். தள்ளுவண்டியில் போகும்போது, “போலாம்னு விசில் அடிச்சிடாதீங்க அண்ணே” என்றார். அவர் பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பயம் குறையக் குறைய மற்றது பெரிதாகியது. பாக்கியம் தினமும் வந்தாள். ஆனால் கையால் எதையும் ஊட்டவில்லை. தண்ணீர் கொடுப்பதற்குக்கூட, “மிஸ்ஸி, இது குடுக்கலாமா?” என்று போய்க் கேட்டுவிட்டு வந்துதான் கொடுத்தாள். ஒரு தரம் ஆரஞ்சுப் பழத்தை உரித்துவிட்டு, கேட்க மிஸ்ஸி இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது காய்ந்துபோனது. அப்போது சொல்லியிருக்கலாம். இன்னும் உடம்பு தேறட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காளியப்பன் அண்ணன் ஒரு வாடகைக் காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். முன்வாசலுக்கு வருமுன்பே ஏதோ குறைவதாகப் பட்டது. கொட்டகையில் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். தரையைக் கழுவி, தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“செவலை எங்க?”

“பந்திங்காரர் ஒருத்தர் வந்து ஓட்டிட்டுப் போயிட்டாரு.”

“எதுக்கு?”

“இனிமே இந்த வீட்டுல பாலும் வேணாம், தயிரும் வேணாம்.” சட்டியைப் பற்றி, பெருமையைப் பற்றி, எதுவும் சொல்லவில்லை. கடையில் வாங்கிய டின் பாலில் கலந்த காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் பசு திரும்பி வராது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகிப் போனது. சொந்தக்காரர்கள் மத்தியில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் அவள் மோர் வாளியைத் தொட்டால், அவள் தம்பி மனைவி, “அண்ணிகிட்ட வாளிய குடுக்காதீங்க, பந்தியே ஆஸ்பத்திரிக்குப் போயிடும்” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். பாக்கியமும் சிரிப்பாள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

போன மாதம், கல்யாணமாகி ஆறு மாதமான கலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீர்க்கடுப்பு. லேசான காய்ச்சலும் இருந்தது. மருமகன் வழியிலேயே கிளினிக்கில் காட்டி, மருந்து வாங்கி, இங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

“அம்மா, எரியுதும்மா. கொஞ்சம் பார்லி காய்ச்சிக் குடேன்.”

பாக்கியம் அடுப்படியில் நின்றாள். பார்லி டப்பா அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். “கடையில பொட்டலத்துல விக்கிறாங்க. அப்பாவை வாங்கிட்டு வரச் சொல்றேன். நான் கை வைக்கலை. நான் குடுத்தது போதும்.”

கலாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஆஸ்பத்திரியில் காலில் தொடங்குமே, அந்தக் குளிர் மறுபடி வந்தது போல இருந்தது. நான் அடுப்படிக்குப் போனேன்.

“பாக்கியம், அந்தப் பொண்ணு சொன்னா.”

“எந்தப் பொண்ணு?”

“கிளினிக்ல. மருந்து குடுத்த பொண்ணு. பாலோட குடிக்கக்கூடாதுன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. கூட்டத்துக்கு முன்னாடி வெக்கமா இருந்துச்சு, உங்கிட்ட சொல்லலை. மோரு குடுத்தப்பவும் ஞாபகம் இருந்துச்சு. டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொல்லியிருந்தா நான் தண்ணி குடுத்திருப்பேன்” என்றாள். பிறகு, “போங்க. போய் இந்த மருந்த எதோட குடுக்கலாம், எதோட குடுக்கக்கூடாதுன்னு முழுசாக் கேட்டுட்டு வாங்க. நீங்களே கேட்டுட்டு வாங்க” என்று மருந்துப் பையை என் கையில் திணித்தாள்.

போனேன். அது வேறு கிளினிக். ஆனால் பெஞ்சும் கூட்டமும் கண்ணாடித் துளையும் அதேதான். எல்லாரையும் தாண்டிப் போய், பையைக் காட்டி, இந்த மூத்திர மருந்தைப் பாலோடு குடிக்கலாமா என்று மலாயில் கேட்டேன். உள்ளே இருந்த பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். இந்த மருந்துக்குப் பால் பரவாயில்லை என்றாள். மோர் குடிக்கலாமா என்றேன். மோர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. புளித்த பாலைக் கடைந்து தண்ணீர் விட்டது என்று கையால் கடைந்து காட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, அதுவும் பரவாயில்லை, ஆனால் ஏழு நாளும் முடிக்க வேண்டும், முதுகில் வலியோ குளிரோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். நான் எல்லாவற்றையும் அவளுக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பாக்கியம் கேட்டாள். “மோரும்?”

“மோரும்தான். அதையும் கேட்டேன்.”

அவள் எழுந்து போய்ப் பார்லியைக் களைந்தாள். கலா நாலு நாளில் தேறினாள். மருந்தை ஏழு நாளும் முடித்தாள்.

என்னோடு பாக்கியம் அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. நேற்று நான் இதை எழுத உட்கார்ந்தபோது, என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். எழுதலாமா என்றும் கேட்டேன். தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “எழுதுங்க. எழுதுறதுன்னா செவலையையும் எழுதுங்க. ஓட்டிட்டுப் போனப்ப அதுக்கு அஞ்சு மாசம் சினை.”

எழுதிவிட்டேன்.

ராமையா,
கிள்ளான்.
ஞாயிற்றுக்கிழமை, 9 மார்ச் 1986.